குசும்பு: ஒரு சொல்லும் அதன் எல்லையும்

நகைச்சுவையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சமில்லை. நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துள்ளது. பேச்சு வழக்கிலோ கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி எனப் பட்டியல் நீளும். இவற்றுள் எதனிலும் முழுமையாக அடங்காத சொல் 'குசும்பு'. கொங்கு நாட்டோடு சேர்த்தே அறியப்பட்ட இச்சொல்லைச் சத்யராஜ், மணிவண்ணன் போன்ற கோவை வட்டாரக் கலைஞர்களின் திரைப்படங்கள் தமிழகமெங்கும் கொண்டு சென்றன. இன்று தாம்பரத்துப் பேச்சிலும் அது இயல்பாகப் புழங்குகிறது.

நக்கலுக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் சிறுமைப்படவும் வேண்டும். குசும்புக்கு அது தேவையில்லை. முகத்தில் சிரிப்பின் சாயலே இன்றி, உண்மையையே சற்றுக் கோணலாகச் சொல்லிவிட்டு, கேட்பவர் திகைத்துத் தெளியும்வரை காத்திருப்பதே அதன் இயல்பு. 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் சிட்லபாக்கத்துத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. "ஏரி தன் பழைய வீட்டைப் பார்த்துப்போக வந்திருக்கிறது" என்று அதைப்பற்றி ஒருவர் சொன்னால் அது குசும்பு. ஆக்கிரமிப்பால் ஏரி சுருங்கிய கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது. "ஏரிக்குள் வீடு கட்டியவருக்கு நீந்தத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டால் அது நக்கலாகிவிடும், நனைந்து நிற்பவர் மனம் நோகும்.

அரபுமொழி இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே பேணுகிறது. 'ஸுக்ரிய்யா' என்பது பிறரைத் தாழ்த்தும் ஏளனம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விலக்குவது இதனையே. 'மிஸாஹ்' என்பது நோகச் செய்யாத வேடிக்கைப் பேச்சு. சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குட்டியை வைத்து என்ன செய்வது என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்ற பொருளில் விடை வந்தது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. சொன்னதில் பொய்யில்லை, கேட்டவருக்கு இழிவுமில்லை.

தமிழில் எழுதும்போது இவ்விரண்டையும் 'கேலி' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால், விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்பட்டதும் ஒன்றாகிவிடும். அதற்காக மிஸாஹுக்குக் 'குசும்பு' என்று எழுதிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. வகையால் பொருந்தினாலும், "என்ன, குசும்பா?" என்று பிள்ளைகளை அதட்டும் தொனி அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நபிமொழியைப் பெயர்க்க 'இன்வேடிக்கை' போதும். முல்லா நஸ்ருத்தீன் கதைகளைத் தமிழாக்குவோர் மட்டும் குசும்பைத் தயங்காமல் கையாளலாம்.