தன் பேருந்துக்குத் தானே சான்று

இந்தியாவில் ரயிலின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பு ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் எனப்படும் அந்த அமைப்பு, லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்டு, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிர்வாகத்தில் இயங்குகிறது. கேட்பவருக்கு விநோதமாகத் தோன்றக்கூடிய இந்த ஏற்பாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1937-இல் பீகாரில் பிஹ்தா அருகே நடந்த பெரும் விபத்தும் அதையொட்டி அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவும் கிளப்பிய விவாதங்களில், ரயிலை ஓட்டும் துறையே அதற்குப் பாதுகாப்புச் சான்றும் வழங்குவது முறையல்ல என்ற கருத்து வலுப்பெற்றது. 1941-இல் ரயில் பாதுகாப்பைச் சோதித்துவந்த ஆய்வாளர் பிரிவு ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அஞ்சலையும் விமானத்தையும் கவனித்துவந்த துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை மெட்ரோவின் புதிய தடம் எதுவானாலும், அதற்கென உள்ள மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து தண்டவாளத்தையும் சிக்னலையும் சோதித்து ஒப்புதல் அளித்த பிறகே பயணிகளுக்குத் திறக்கப்படுகிறது.

பேருந்துக்கு இப்படியொரு ஆணையர் இல்லை. தமிழ்நாட்டில் ரயிலைவிடப் பன்மடங்கு மக்களை ஊருக்கு ஊர் ஏற்றிச் செல்வது பேருந்துதான் என்றபோதிலும், அதன் பாதுகாப்பை மேற்பார்வையிடும் பொறுப்பு, அதை வாங்கி, ஓட்டி, கட்டணம் நிர்ணயித்து, நட்டத்தையும் சுமக்கும் அதே மாநில அரசிடமே இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக் கொள்கையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஹெல்மெட்டிலும் அபராதத்திலும் நின்றுவிடுவதால், இந்த அமைப்புக் குறை போதிய கவனம் பெறுவதில்லை.

சட்டத்தின் அடித்தளத்தைச் சுருக்கமாகக் காணலாம். இயந்திர வாகனங்கள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், நாடு முழுவதற்குமான மோட்டார் வாகனச் சட்டத்தை நாடாளுமன்றம் 1988-இல் இயற்றியது. தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றியத்தின் பொறுப்பிலும் ஏனைய சாலைகள் மாநிலங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஓட்டுநர் உரிமம் முதல் தகுதிச் சான்று வரை, அச்சட்டத்தை அன்றாடம் நடைமுறைப்படுத்துவது மாநிலப் போக்குவரத்துத் துறை. மாநிலம் தானே பேருந்து நடத்தவும், குறிப்பிட்ட தடங்களில் தனியாரை விலக்கிவிட்டுத் தன் கழகத்துக்கு முன்னுரிமை அளிக்கவும் அச்சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் வழி செய்கிறது.

தமிழ்நாடு அவ்வழியில் வெகுதூரம் சென்ற மாநிலம். 1972-இல் தனியார் பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, சென்னையில் பல்லவனும், டி.வி.எஸ். பேருந்துகளைக் கொண்டு மதுரையில் பாண்டியனும், பொள்ளாச்சியின் ஏ.பி.டி. பேருந்துகளைக் கொண்டு கோவையில் சேரனும், கும்பகோணத்தில் சோழனும் தொடங்கப்பட்டன. பின்னர் பலவாகப் பெருகிய கழகங்கள் இன்று எட்டாக ஒருங்கிணைக்கப்பட்டு, ஏறத்தாழ 20 ஆயிரம் பேருந்துகளை இயக்குகின்றன. லாபம் தராத குக்கிராமத் தடத்திலும் கடைசிப் பேருந்து சென்று சேர்வது இந்த முடிவினால் விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பெண் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் அது ஏற்படுத்திய மாற்றம் பெரிது. ஆனால் ஒரே அமைச்சரின் கீழ், ஒரே துறையின் இரு கரங்களாக, பேருந்தை ஓட்டும் கழகங்களும் அதைச் சோதிக்கும் போக்குவரத்து ஆணையரகமும் அமைந்துவிட்டதும் அதே ஏற்பாட்டின் விளைவுதான். மாநிலத்தில் சாலைப் பாதுகாப்பு ஆணையர் என்ற பொறுப்பைக்கூடப் போக்குவரத்து ஆணையரே சேர்த்து வகிக்கிறார்.

இந்த நெருக்கம் செயல்படும் விதத்தைத் தகுதிச் சான்றில் காணலாம். பேச்சு வழக்கில் எப்.சி. எனப்படும் இச்சான்று, வாகனம் சாலையில் ஓடத் தக்க நிலையில் இருப்பதாக மோட்டார் வாகன ஆய்வாளர் அளிக்கும் ஒப்புதல் ஆகும். எட்டு ஆண்டுகள் வரையிலான போக்குவரத்து வாகனங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உடற்பகுதியின் உறுதி என நீண்ட பட்டியலை ஆய்வாளர் சரிபார்க்க வேண்டும் என்று விதிகள் சொன்னாலும், ஆய்வு நாளன்று புதுப் பூச்சுடன் வரிசையில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் ஓர் அலுவலகத்தில் உள்ள ஆய்வாளர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பார்வைக்கு எட்டுவதே பெரும்பாலும் சோதனையாகிவிடுவது வியப்பல்ல. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், தனியார் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தபோது, ஆய்வின் பொருள் என்ன என்ற கேள்வி மாநிலத்தையே உலுக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டதும், பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளை அரசு அதே ஆண்டில் வெளியிட்டதும் தொடர்ந்து நடந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் மைதானங்களில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் அவ்விதிகளின் பயன். அரசுப் பேருந்துகளை அப்படிப் பொதுவெளியில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் தோன்றவில்லை.

விபத்து நிகழ்ந்த பிறகும் இதே வட்டம்தான். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அதில் குற்றம் சாட்டப்படுபவர் அநேகமாக ஓட்டுநர் ஒருவரே. வாகனத்தில் இயந்திரக் கோளாறு இருந்ததா என்று பார்த்து அறிக்கை தருபவர், அந்த வாகனத்துக்குத் தகுதிச் சான்று வழங்கிய துறையைச் சேர்ந்த மோட்டார் வாகன ஆய்வாளர். கோளாறு இருந்தது என்று எழுதினால், அது தம் துறையின் முந்தைய சான்றின் மீதும் பணிமனையின் பராமரிப்பின் மீதும் விழும் குற்றச்சாட்டாகிவிடும். கழகத்தின் உள் விசாரணையும் ஓட்டுநருக்கு வழங்கப்படும் குற்றக் குறிப்பாணையில் தொடங்கி அவருடைய தண்டனையில் முடிகிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றும் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் வேலை நேரத்தை வரையறுத்திருந்த நிலையிலும், அந்த ஓட்டுநர் முந்தைய இரவு எத்தனை மணிக்கு வண்டியை விட்டு இறங்கினார், பிரேக் பற்றி அவர் பணிமனைப் பதிவேட்டில் எழுதிய புகார் என்னவாயிற்று, அந்த வளைவில் அதற்கு முன் எத்தனை விபத்துகள் நடந்தன என்ற கேள்விகளைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

காப்பீட்டிலும் அரசுக்குத் தனி வழி உண்டு. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது அவ்வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் ஈடு செய்யும் காப்பீடு, கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் இழப்பீடு வழங்குவதற்கென ஒரு நிதியை ஏற்படுத்திப் பராமரித்தால், அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்றும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. விலக்கு கிடைத்துவிடுகிறது, நிதியில்தான் பணம் இருப்பதில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயித்த பிறகும் கழகம் செலுத்தாததால், இறந்தவரின் குடும்பம் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து, புறப்படவிருந்த வண்டியிலிருந்து பயணிகளை இறக்கிவிட்டு, அதை ஜப்தி செய்து நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்தும் காட்சி தமிழ்நாட்டு நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி. சில நாட்களில் ஒரு பகுதித் தொகை கட்டப்பட்டு வண்டி மீண்டும் தடத்துக்குத் திரும்பும். காப்பீடு எடுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கூற முடியாது. மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம், ஒரு நிறுவனம் எத்தனை விபத்துகளைச் சந்தித்தது என்பதைப் பொறுத்து அமையாமல், அரசால் பொதுவாக நிர்ணயிக்கப்படுவதால், கவனமாக ஓட்டும் நிறுவனத்துக்கும் அலட்சியமான நிறுவனத்துக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஆயினும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணமாவது காலத்தில் சேர்ந்திருக்கும்.

தாமதத்தின் அளவைக் காட்ட ஒரு வழக்குப் போதும். 1988 ஏப்ரலில் டெல்லி போக்குவரத்துக் கழகப் பேருந்து சம்பந்தப்பட்ட விபத்தில் ஓர் அறிவியலாளர் இறந்ததற்கான இழப்பீடு, தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் எனப் படியேறி, 2009-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் இறுதி வடிவம் பெற்றது. இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கொண்டு இழப்பீட்டைக் கணக்கிட இன்று தீர்ப்பாயங்கள் பின்பற்றும் பெருக்கெண் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான்.

சுயேச்சையான மேற்பார்வையாளர் இல்லாத இடத்தை இந்தியாவில் நீதிமன்றமே நிரப்பிவருகிறது. அதற்குக் காரணமானவர்களில் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மாநிலங்களிடம் அறிக்கை கேட்டுப் பெறும் அக்குழுவின் பரிந்துரைகளை ஏற்று, 2017 நவம்பரில் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள், ஒவ்வொரு மாநிலத்திலும் சாலைப் பாதுகாப்புக்கெனத் தலைமை முகமை, தனி நிதி, மாவட்டக் குழு ஆகியவை வேண்டும் என்றன. வழக்கறிஞர் கே. பாலு சம்பந்தப்பட்ட மற்றொரு வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் சில்லறை மதுவை விற்பதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் என்பதால், குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடிக்கும் அரசும் அவருக்குக் குப்பியை விற்ற அரசும் ஒன்றாக இருந்த முரண் அவ்வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் சிற்றூர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டதும், நகராட்சி எல்லைகளுக்குத் தடை பொருந்தாது என்ற விளக்கம் 2017-இல் வந்ததும் தீர்ப்பின் கூர்மையை மழுக்கின.

நாடாளுமன்றம் வகுத்த வழி மெதுவானது. எஸ். சுந்தர் தலைமையிலான குழு 2007-இலேயே தேசிய அளவில் சாலைப் பாதுகாப்பு வாரியம் ஒன்றைப் பரிந்துரைத்திருந்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதற்கு இடமளித்து, 2021-இல் விதிகளும் வெளியாயின. ஆனால் அச்சட்டத்தில் அவ்வாரியத்துக்கு வகுக்கப்பட்ட பணி ஆலோசனை கூறுவது. ஒரு பேருந்தை நிறுத்தவோ ஒரு கழகத்தின் அனுமதியைத் திரும்பப் பெறவோ அதனால் இயலாது. அதே திருத்தத்தின் 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தைப் பின்பற்றாமல் மரணத்துக்குக் காரணமாகும் அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஹெல்மெட் அணியாதவர் கட்டும் அபராதம் நாள்தோறும் வசூலாகும் நாட்டில், இந்தப் பிரிவின் பயன்பாடு செய்திகளில் அரிதாகவே தென்படுகிறது.

மேற்பார்வையிடுபவருக்குக் கிடைக்கும் தகவலும் மேற்பார்வைக்கு உட்படுபவரின் கையிலிருந்தே வருகிறது. விபத்துப் புள்ளிவிவரத்தின் ஊற்று காவல் நிலையம். காயமடைந்தவராகப் பதிவானவர் பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தால், வழக்கின் பிரிவை மாற்றும் அறிக்கையோடு புள்ளிவிவரமும் திருத்தப்பட வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண்களின்படி, தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தோர் 2016-இல் 17,218 பேர். 2019-இல் 10,525 பேர். 2022-இல் 17,884 பேர். மூன்றே ஆண்டுகளில் சாலைகள் அவ்வளவு பாதுகாப்பாகி, அடுத்த மூன்று ஆண்டுகளில் மீண்டும் அவ்வளவு ஆபத்தாகிவிட்டன என்று நம்புவதைவிட, எண்ணும் முறையைச் சந்தேகிப்பது எளிது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் நடைமுறைக்கு வந்திருப்பதால் நிலை மாறக்கூடும்.

மாநிலம் எதுவுமே செய்யவில்லை என்பது நியாயமான மதிப்பீடாகாது. 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் வகையில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் உயிர்களைக் காப்பாற்றி வருகின்றன. ஆனால் இவை விபத்துக்குப் பிந்தைய பணிகள். விபத்துக்கு முந்தைய பொறுப்பு, பணத்தோடு பிணைந்திருக்கிறது. 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்ட பேருந்துக் கட்டணம் எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே ஓரளவு குறைக்கப்பட்டது. கட்டணத்தை உயர்த்த அரசியல் துணிவும், ஈடு செய்யக் கருவூலத்தில் பணமும் இல்லாதபோது, புதிய பேருந்து வாங்குவது தள்ளிப்போகிறது. அரசு நிறுவனங்களின் 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, போக்குவரத்துக் கழகங்களும் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தன. மாநிலம் தன் வண்டியைத் தானே ஓய்வுக்கு அனுப்பாததால், வெளியிலிருந்து ஒருவர் நாளைக் குறிக்க வேண்டியதாயிற்று.

சுயேச்சையான விசாரணைக்குப் புதிய சட்டம் தேவைப்படாது. விபத்துகளின் காரணங்களை ஆழமாக ஆராயும் திட்டங்களை மாநில அரசு அறிவிக்கை மூலம் ஏற்படுத்திக்கொள்ள, மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு தொடக்கம் முதலே அனுமதிக்கிறது. உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு அரசுப் பேருந்து விபத்தையும், போக்குவரத்துத் துறையோடு தொடர்பில்லாத பொறியாளரும் மருத்துவரும் சாலை வல்லுநரும் ஆராய்ந்து, பணிமனைப் பதிவேட்டையும் ஓட்டுநரின் பணி நேரத்தையும் சாலையின் வளைவையும் சேர்த்துப் படித்து, அறிக்கையைப் பொதுவில் வெளியிடும் ஏற்பாட்டை ஓர் அரசாணையில் செய்துவிட முடியும். அந்த அரசாணையில் கையெழுத்திட வேண்டியது போக்குவரத்துத் துறை.