சர்க்கரைப் போர்வைக்குள் ஒளியும் கிருமி

காலை ஆறரை மணி. ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பிய இளைஞர் பல் தேய்த்துத் துப்புகிறார். நுரையில் சிவப்பாக ஓர் இழை. பயந்துபோய், மறுநாள் முதல் ஈறுப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதையே விட்டுவிடுகிறார். கிருமிக்கு அதுதான் வசதி.

ஈறு நோயை உண்டாக்கும் கிருமிக் கூட்டத்தில் முக்கியமானது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். காற்று எட்டாத ஈறு இடுக்குதான் இதன் வீடு. இந்த இனத்தில் பல ரகங்கள் சர்க்கரைச் சங்கிலிகளாலான உறையைப் போர்த்திக்கொள்கின்றன. பெயின்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கார் மேல் கடைசியாக அடிக்கும் கிளியர்கோட், அடியில் இருப்பதைக் காக்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

நம் ரத்தத்தில் உள்ள சில புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டி அடையாளம் காட்டும். வெள்ளணுக்கள் வந்து விழுங்கும். உறை இருந்தால் அந்த அடையாளம் சரியாக விழுவதில்லை. எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, உறையற்ற ரகங்கள் உண்டாக்கிய சீழ்க்கட்டி ஓரிடத்தில் நின்றது. உறையுள்ளவை உண்டாக்கியது பரவியது.

ஆனால் உறை வழுக்கும், ஒட்டிக்கொள்ள உதவாது. சிகரெட் புகைச்சாறு பட்டால் இந்தக் கிருமி உறையைக் குறைத்து, ஒட்டும் இழைகளைக் கூட்டிக்கொள்வதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். போதாததற்கு, புகைப்பவர்களின் ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும். டீக்கடை இடைவேளையில் பிடிக்கும் சிகரெட் கிருமிக்கு இடம் பிடித்துக் கொடுத்து, நமக்கு வரும் எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறது.

உறையின் வலிமையை உலகுக்கு உணர்த்தியது நிமோனியாக் கிருமி. 1928இல் பிரெடரிக் கிரிஃபித் செய்த சோதனையில் உறையுள்ள கிருமி எலியைக் கொன்றது, உறையற்றது கொல்லவில்லை. அந்த உறைச் சர்க்கரையைக் கொண்டே செய்த தடுப்பூசி 2021 முதல் தமிழகக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. ஈறு நோய்க்கு அப்படியொரு தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆனால் உறை போட்ட கிருமியானாலும், பல்லில் அது குடியிருக்கும் படலத்தைப் பிரஷ் கலைத்துவிடும்.

தூங்கும்போது எச்சில் சுரப்பு குறையும், கிருமி பெருகும். ஆகவே இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் காலையில் படுக்குமுன் பல் தேய்ப்பது அவசியம். ரத்தம் கசிந்தால் நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் ஈறோரம் தேயுங்கள். கசிவு தொடர்ந்தாலோ பல் ஆடினாலோ தள்ளிப்போடாமல் பல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் இ.எஸ்.ஐ. அட்டை பல்லுக்கும் சேர்த்துத்தான்.