மஞ்சள் வைக்கும் பரீட்சை

விருத்தாசலம் என்றால் பக்தர்களுக்குப் பழமலைநாதர். எலெக்ட்ரீஷியன்களுக்கு ஃபியூஸ் கேரியர். நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண் அருகிலேயே கிடைக்க, இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகளில் ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் முதல் கொலு பொம்மை வரை வெந்து வெளிவருகின்றன. சமையலறைக்கு டைல்ஸ் வாங்கப் போகிறவர்கள் இந்த ஊர்த் தொழிலிடம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு: சுட்ட மண்ணின் தரத்தை அதன் பளபளப்பு சொல்லாது, உள்ளே இருக்கும் நுண்துளைகள்தான் சொல்லும்.

பீங்கான் கலவையில் மூன்று சரக்குகள் முக்கியம்: களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். சூளை 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது களிமண் படிகத்துக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. 1,000 டிகிரியைத் தாண்டியதும் முல்லைட் என்ற உறுதியான படிகம் உருவாகிறது. 1,200 டிகிரியை ஒட்டி, உருகிய ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியாகி இடுக்குகளை அடைக்கிறது. சூடு குறைந்தால் துளைகள் மிஞ்சும்.

இன்சுலேட்டரில் துளை இருந்தால் ஈரம் புகும், மின்சாரம் கசியும். அதனால் உடைத்த பீங்கான் துண்டுகளை ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டு, கடும் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தப் பீங்கான் தேறாது. நம் சமையலறைத் தரைக்கு இதே பரீட்சையை மஞ்சள்தூள் தினமும் வைக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குழம்பு சிந்தினால் எண்ணெயோடு சேர்ந்து துளைக்குள் இறங்கிவிடும்.

டைல்ஸை நீர் உறிஞ்சும் அளவை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. சுவருக்கான செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். அதாவது ஒரு கிலோ எடைக்கு முன்னது குடிப்பது அதிகபட்சம் 5 கிராம். பின்னது 100 கிராமுக்கு மேல். சுவர் டைல்ஸ் விலை மலிவு என்று தரையில் பதிக்கக் கூடாது. அதற்குப் பாரம் தாங்கும் வலுவும் குறைவு. கடையிலேயே டைல்ஸைத் திருப்பி, பூச்சில்லாத பின்பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

விட்ரிஃபைடிலும் ஒரு கண்ணி உண்டு. கண்ணாடிபோல் மின்னுவதற்காக மேற்பரப்பைத் தேய்த்து பாலிஷ் செய்யும்போது, உள்ளே மூடிக் கிடந்த நுண்குமிழ்கள் திறந்துகொள்ளும். அவற்றை அடைக்கப் பூசிய பூச்சு தேய்ந்தால் கறை பிடிக்கும். எண்ணெய் சிந்தினால் வழுக்கும் ஆபத்து வேறு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவைத்து வழுக்கலை அளக்கும் ஜெர்மானிய முறையில் ஆர்9 முதல் ஆர்13 வரை தரங்கள் உள்ளன. வீட்டுச் சமையலறைக்கு ஆர்10 தரத்து மேட் ஃபினிஷ் போதும். அதற்கு மேல் சொரசொரப்பு கூடினால் அழுக்கைத் துடைப்பது சிரமம்.

கல் பதிக்க விரும்புகிறவர்கள் அமிலத்தை யோசிக்க வேண்டும். மார்பிளும் கடப்பாக் கல்லும் கால்சியம் கார்பனேட் சார்ந்தவை. புளி, எலுமிச்சை, தயிர் பட்டால் அரித்து, மெருகு மங்கும். சூளை காணாத ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட்டால் ஆனது என்பதால் அதற்கும் இதே பலவீனம் உண்டு. கூடம், தாழ்வாரத்தில் அது அழகாக உழைக்கும். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்த கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்யாது.

எந்த டைல்ஸ் போட்டாலும் இணைப்புக் கோடுகளில் சாதாரண சிமென்ட் நிரப்பினால், கறை அங்கே குடியேறும். அடுப்படி, சிங்க் பக்கமாவது எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு பெட்டி டைல்ஸ் அதிகமாக, அதே பேட்ச் எண்ணில் வாங்கிவையுங்கள். சூளையின் வெப்பம் சற்று மாறினாலும் நிறம் மாறும்; நாளை ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே ஷேடு கடையில் கிடைக்காது.