"மெதுவாகப் பேசு!" செல்போனுக்குக் கோபுரம் போடும் உத்தரவு

மணியாச்சி ரெயில் சந்திப்பு. அங்கே ஒருவர் செல்போனில் பேசுகிறார். தூரத்துக் கரிசல் காட்டில் நிற்கும் விவசாயியும் பேசுகிறார். இரண்டையும் வாங்குவது ஒரே கோபுரம்!

3ஜி முறையில் எல்லாப் போன்களுக்கும் ஒரே அலைவரிசைதான். பக்கத்துப் போன் கத்தினால், தூரத்துக் குரல் அமுங்கிவிடும். பாட்டரியும் வீண்.

ஆகவே, "நீ மெதுவாக! நீ உரக்க!" என்று கோபுரம் உத்தரவு போடும். வினாடிக்கு 1,500 தடவை!

4ஜி கோபுரமும் இப்படிப் போனின் சக்தியைக் கூட்டுகிறது, குறைக்கிறது. உத்தரவு போடுவது கோபுரத்துக் கம்ப்யூட்டரின் மென்பொருள். அதில் கணக்குப் பிசகினால் பேச்சு பாதியில் அறுந்துபோகும். என்ஜினீயர்கள் சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒழுங்காக அடுக்கி, பிழையைத் திருத்துகிறார்கள். திருத்தியதைத் தொலைவில் இருந்தே அனுப்பலாம். கோபுரத்தில் ஏற வேண்டாம்.

பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சுதேசி 4ஜி, 2025 செப்டம்பர் 27-ந் தேதி தொடங்கியது. இனி இந்தப் பிழைகளைத் திருத்துவது நம் என்ஜினீயர்களின் வேலை!