ஜக்கூர் வானில் வழி சொல்லும் பெட்டி

பெங்களூரிலிருந்து பல்லாரி ரோட்டில் வடக்கே செல்பவர்கள், ஹெப்பாளைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் வலப்பக்கம் ஒரு திறந்த வெளியைக் காணலாம். அதுதான் ஜக்கூர் விமான களம். கர்நாடக அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி இருப்பது இங்கேதான். மைக்ரோலைட் என்றும் அல்ட்ராலைட் என்றும் சொல்லப்படும் இலேசு ரக விமானங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பறந்து பார்த்ததும் இந்தக் களத்திலிருந்துதான்.

அல்ட்ராலைட் என்பது ஏறக்குறைய சிறகு முளைத்த மோட்டார் சைக்கிள். அலுமினியக் குழாய்களும் துணியும், ஒருவரோ இருவரோ உட்கார இடமும், முதுகுக்குப் பின்னாலோ தலைக்கு மேலேயோ இரைந்துகொண்டிருக்கும் ஒரு சிறிய என்ஜினும் சேர்ந்தால் அல்ட்ராலைட். இரண்டு பேர் ஏறும் விமானத்துக்கும் எடை வரம்பு, ஆட்களையும் பெட்ரோலையும் சேர்த்து, 450 கிலோ என்றுதான் பல நாடுகளில் வெகுகாலம் இருந்து வந்தது. பகல் வெளிச்சத்தில், கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டு மட்டுமே இதை ஓட்டலாம். ஆகவே இதற்கு ஜி.பி.எஸ். எதற்கு என்ற கேள்வி எழுவது நியாயமே.

அதற்கு விடை ஜக்கூரின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் எலகங்கா விமானப்படைத் தளம் இங்கிருந்து ஆறரை கிலோமீட்டர்தான். தெற்கே எச்.ஏ.எல். விமான நிலையம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வடகிழக்கே தேவனஹள்ளியில் கெம்பே கௌடா சர்வதேச விமான நிலையம் சுமார் 18 கிலோமீட்டர். மூன்று பெரிய வீடுகளுக்கு நடுவே ஒரு திண்ணை மாதிரி ஜக்கூர் அமைந்திருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஓர் அல்ட்ராலைட் ஐந்து நிமிடம் வழி தவறி வடக்கே போனால், விமானப்படை விமானங்கள் ஏறி இறங்கும் ஓடுபாதைக்கு மேல் போய் நிற்கும். தேவனஹள்ளிப் பக்கம் தவறினாலோ, நூற்றுக்கணக்கான பயணிகளுடன் இறங்கும் ஜெட் விமானத்தின் பாதையில் குறுக்கிட நேரும்.

தரையில் அடையாளங்கள் இல்லாமலில்லை. ஜக்கூர் ஏரி, ராச்சேனஹள்ளி ஏரி, எலகங்கா ஏரி, மேற்கே ஹெசரகட்டா, வடக்கே நந்தி மலை, இவற்றைப் பார்த்துத்தான் பழைய விமானிகள் வழி கண்டார்கள். ஆனால் மார்கழிக் காலை மூட்டத்தில் ஏரி எது, வானம் எது என்று தெரியாது. கோடையிலோ ஏரிகள் வற்றி, வரைபடத்தில் நீலமாக இருப்பது கீழே பழுப்பாக இருக்கும். போதாக்குறைக்கு நகரம் வளர்ந்த வேகத்தில், ஐந்து ஆண்டுக்கு முன் வயலாக இருந்த அடையாளம் இன்று அடுக்கு மாடிக் கட்டடமாகிவிடுகிறது.

தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988-ல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 23 நாட்களில் மைக்ரோலைட்டில் பறந்து வந்து உலக சாதனை படைத்தார். அந்த ஆண்டில் ஜி.பி.எஸ். கோள்கள் சிலவே வானில் இருந்தன. 24 கோள்களும் சேர்ந்து அந்த ஏற்பாடு முழுமை பெற்றது 1995-ல்தான். பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கைப்பெட்டிகள், அன்று முதல் பத்து இருபது மீட்டருக்குள் இடம் சொல்லலாயின.

கடையில் கிடைப்பவை

வாங்கப் போகிறவர் முன் இன்று மூன்று வகைகள் இருக்கின்றன. விமானிகளுக்கென்றே செய்த கருவி ஒன்று. கார்மின் நிறுவனத்தின் ஏரா வரிசை இதில் பெயர் பெற்றது. மலையேறுபவர்களும் நில அளவைக்காரர்களும் வைத்திருக்கும் சாதாரணக் கைக்கருவி இரண்டாவது. மூன்றாவது, எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் செல்போன், அல்லது அதன் அண்ணனான டேப்லெட்.

காருக்கென்று விற்பதை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வண்டி சாலையில்தான் ஓடும் என்று நம்புவது அதன் பிறவிக்குணம். பக்கத்தில் ஒரு சாலை தெரிந்தால் விமானத்தை இழுத்து அதன்மேல் வைத்துக் காட்டிவிடும்.

செல்போன் செலவில்லாதது. அதன் ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் தேவையென்று பலர் நினைப்பது தவறு. கோள்களிலிருந்து வரும் அலையை அது காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். டவர் இல்லாவிட்டால் வராமல் போவது வரைபடம். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் கவலையில்லை. ஆனால் டேப்லெட்டில் ஒரு கண்ணி உண்டு. ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள ரகத்தில் ஜி.பி.எஸ். சில்லே கிடையாது. சிம் போடும் ரகத்தில்தான் உண்டு. வீட்டில் வைஃபை உதவியால் அது சரியாக இடம் காட்டும். ஓடுபாதையை விட்டு ஏறிய பின்தான் ஏமாற்றம் தெரியும்.

அடுத்த எதிரி வெயில். திறந்த அல்ட்ராலைட்டில் கூரை நிழல் இல்லை. அறைக்குள் பளிச்சென்று தெரியும் திரை, பத்து மணி வெயிலில் கறுப்புக் கண்ணாடியாகி ஓட்டுகிறவரின் முகத்தையே காட்டும். சூடேறினால் போனும் டேப்லெட்டும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே அணைந்துவிடும். போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணியும் விமானிக்குச் சில திரைகள், ஒரு கோணத்தில் பிடித்தால், முழுக்க இருண்டு போகும். விமானக் கருவிகளுக்குப் பல மடங்கு விலை கேட்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்வோர் இந்த வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்ஜினின் அதிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்ட்ராலைட்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் என்ஜின்கள். இரண்டு ஸ்ட்ரோக் ரகமானால் கருவியைப் பிடித்திருக்கும் திருகே கழன்றுவிடும். கழன்ற கருவி பின்பக்க விசிறியில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. விமானத்தில் எப்பொருளை வைத்தாலும் கயிறு போட்டுக் கட்டு என்று ஆசிரியர்கள் மாணவர்களை அதட்டுவது இதற்காகத்தான். மின்சாரத்துக்கு என்ஜின் இணைப்பை மட்டும் நம்பாமல், மாற்று பாட்டரி போடத்தக்க கருவியாகப் பார்ப்பது நல்லது. கையுறையோடு அழுத்த முடிகிற பெரிய பொத்தான்கள் இருந்தால் இன்னும் நல்லது. தொடுதிரையின் நாசூக்கெல்லாம் காற்று வீச்சில் செல்லாது.

வேகம் காட்டும் எண்

எந்த மலிவுக் கருவியும் தரும் மிகப் பெரிய உதவி, தரைக்கு மேல் உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்ற எண். ஜூன், ஜூலை மாதங்களில் பெங்களூர் வானில் மேற்குக் காற்று பலமாக வீசும். உரிய அனுமதி பெற்று ஒருவர் ஜக்கூரிலிருந்து கோலாருக்குப் பறப்பதாக வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் 58 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 80, முதுகில் தள்ளும் காற்று 30 என்றால் தரை வேகம் 110. அரை மணி நேரத்தில் கோலார் வந்துவிடும். உற்சாகம்தான். ஆனால் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். தரை வேகம் 50-க்கு இறங்கி, வீடு சேர எழுபது நிமிடம் ஆகும். போன நேரத்தை இரட்டித்துப் பெட்ரோல் போட்டவர் ஹொஸ்கோட்டே ஏரியைக்கூட எட்ட மாட்டார். பழைய விமானி இதைப் பென்சிலும் கணக்குச் சக்கரமும் வைத்துக் கணித்தார். கருவி இதைக் கண்முன்னே எண்ணாகக் காட்டி, இந்த வேகத்தில் போனால் எத்தனை மணிக்குச் சேரலாம் என்றும் சொல்லிவிடுகிறது.

அதே எண் எமனாகவும் மாறும். விமானத்தைத் தூக்கி நிறுத்துவது சிறகின்மேல் ஓடும் காற்று. அதன் வேகத்தைக் காட்டுவது வேறு மீட்டர். பின்காற்றில் பறக்கும்போது ஜி.பி.எஸ். 80 காட்டும், சிறகுக்குக் கிடைப்பது 50 ஆக இருக்கலாம். "நல்ல வேகம் இருக்கிறதே" என்று விசையைக் குறைத்துத் தாழ்வாகத் திரும்பினால் விமானம் தூக்குச் சக்தி இழந்து விழும். இறங்கும் நேரத்தில் ஜி.பி.எஸ். திரையைப் பார்க்கவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

உயரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பூமி சீரான உருண்டையல்ல. புவியீர்ப்பின் ஏற்ற இறக்கத்தால் கடல் மட்டமே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. நூறு மீட்டருக்கும் அதிகம். அதன் சரிவில்தான் தென்னிந்தியா முழுவதும் கிடக்கிறது. ஜி.பி.எஸ். கணக்கிடும் கற்பனைப் பூமிக்கும் உண்மைக் கடல் மட்டத்துக்கும் பெங்களூரில் வித்தியாசம் 85 மீட்டர் அளவில் வரும். நல்ல கருவிகள் இதைத் தாமே திருத்திக் காட்டும். போனில் இலவசமாகக் கிடைக்கும் சில நிரல்கள் திருத்துவதில்லை. அவை காட்டும் உயரம் உண்மையைவிட 280 அடி குறைவாக இருக்கும். களத்தில் நிற்கும்போதே உயரத்தைப் பார்த்து, ஜக்கூரின் சுமார் 3,000 அடியோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சர்வே வரைபடத்தோடு சேர்த்துக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு பழைய கணக்கும் குறுக்கே வரும். 1802-ல் சென்னை பரங்கிமலையருகே லாம்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய மகா அளவை, பின்னர் எவரெஸ்ட் வகுத்த பூமி வடிவத்தில் வந்து நின்றது. பழைய இந்திய வரைபடங்கள் அந்த வடிவத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். நம்புவது 1984-ல் உலகுக்குப் பொதுவாக வகுத்ததை. கருவியின் அமைப்பில் இதைக் கவனிக்காவிட்டால், பெங்களூரில் இடம் நூறு இருநூறு மீட்டர் தள்ளிப்போகும்.

குந்தலஹள்ளியிலிருந்து வரும் திருத்தம்

பெங்களூர்க்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்தி விமானங்களுக்கு அனுப்பும் இந்திய ஏற்பாட்டின் பெயர் ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய இதன் தலைமைக் கட்டுப்பாட்டு நிலையம் இருப்பது இந்நகரின் குந்தலஹள்ளியில். நாடெங்கும் 15 நிலையங்கள் கோள்களின் அலையை அளந்து அனுப்ப, இங்கே திருத்தம் கணிக்கப்பட்டு, ஜிசாட் கோள்கள் வழியே திரும்ப இறங்குகிறது. திருநெல்வேலிக்கு அருகே செல்லும் காந்த நடுக்கோட்டை ஒட்டி மேல் வானம் மின்னூட்டம் மிகுந்து கொந்தளிப்பதால், வெளிநாட்டுக் கணக்கு இங்கு அப்படியே உதவவில்லை. இஸ்ரோ தனிக்கணக்கு போட வேண்டியிருந்தது. இறங்குவதற்கும் உதவலாம் என்று 2015-ல் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் ககன் துணையுடன் இறங்கியது.

அல்ட்ராலைட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. என்றாலும் இலவசமாக வரும் திருத்தத்தை விடுவானேன்? பல கைக்கருவிகளில் வாஸ் என்ற அமெரிக்கப் பெயரிலேயே இந்த வசதி இருக்கும். அதை இயக்கி வைத்தால் ககனையும் பிடித்துக்கொள்ளும்.

வாங்கக் கூடாத ஒரு ரகமும் உண்டு. செயற்கைக்கோள் வழியே செய்தியும் அபாய அழைப்பும் அனுப்பும் கருவிகள் வெளிநாட்டில் தாராளமாக விற்கின்றன. உறவினர் யாராவது அன்போடு வாங்கி வரலாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் சிலர் இதற்காகவே விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டு வழக்கில் சிக்கினர். அலையை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ். கருவி இந்தத் தடையில் சேராது.

கோள் அலையைப் பொய் அலையால் ஏமாற்றும் தொல்லையும் இப்போது சேர்ந்திருக்கிறது. தில்லி, மும்பை, சென்னை முதலியவற்றோடு பெங்களூரிலிருந்தும் ஜி.பி.எஸ். குறுக்கீடு பற்றிப் புகார்கள் வந்ததாக 2025 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெரிய விமானங்களுக்கு மாற்று வழிகாட்டிகள் பல உண்டு. அல்ட்ராலைட்டில் மாற்று என்பது முழங்காலில் கட்டிய வரைபடமும் ஒரு திசைகாட்டியும்தான். நல்லவேளையாக, பெங்களூரில் காந்த வடக்கும் மெய் வடக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் விலகும்.

எஸ்.பி. ரோட்டிலோ தெரிந்தவரிடமோ பழைய விமானக் கருவி மலிவாகக் கிடைத்தால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது தேதி. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கொரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6-ந் தேதி அப்படித் திரும்பியபோது சரிசெய்யப்படாத பழைய கருவிகள் இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு முந்திய தேதியையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, உள்ளே இருக்கும் விமான நிலையப் பட்டியல். தேவனஹள்ளி நிலையம் திறந்தது 2008 மே மாதத்தில். அதற்கு முந்திய பட்டியல் உள்ள கருவி, ஜக்கூருக்கு வடகிழக்கே வெறும் காலி வானத்தைத்தான் காட்டும்.