மைக் 'கூ...'ன்னு அலறுவது ஏன்? கெய்ன், ஈக்யூ சரியாக செட் செய்வது எப்படி? எளிய விளக்கம்

பள்ளி ஆண்டு விழா. மாணவி பேசத் தொடங்குகிறார். "சவுண்டு பத்தல" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். மைக் செட்காரர் ஒரு குமிழைத் திருகுகிறார். அடுத்த நொடி 'கூ...' என்று அலறல். தன் மேல்தான் தப்பு என்று நினைத்து, அந்த மாணவி மைக்கை விட்டுத் தள்ளி நிற்கிறார். சவுண்டு இன்னும் குறைகிறது. மறுபடியும் திருகல், மறுபடியும் அலறல்.

இதற்குக் காரணம் என்ன? சரி செய்வது எப்படி?

கெய்ன் வேறு, வால்யூம் வேறு

மைக்கில் இருந்து வரும் மின் சிக்னல் மிகச் சிறியது. சாதாரண மேடை மைக்கில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். அதை சுமார் 1 வோல்ட் அளவுக்கு உயர்த்துவதே ப்ரீஆம்ப்ளிஃபயரின் வேலை. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்யும் குமிழ்தான் கெய்ன். மிக்சரில் ஒவ்வொரு சேனலுக்கும் மேல் பகுதியில் இது இருக்கும். கீழே உள்ள ஃபேடர்தான் வால்யூம்.

கெய்ன் ரொம்பக் குறைவாக இருந்தால், குரலோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கேட்கும். அளவுக்கு மீறினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு குரல் கரகரக்கும். இதுதான் கிளிப்பிங். இங்கே கெட்டுப்போன ஒலியை, ஃபேடரைக் குறைத்துச் சரி செய்ய முடியாது.

செட் செய்வது எப்படி?

1. ஃபேடரை முழுசா இறக்குங்க. ஈக்யூ குமிழ்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும்.

2. மேடையில் பேசும் அதே சத்தத்தில் பேசச் சொல்லுங்க. மெதுவாக 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னால் போதாது.

3. கெய்னை மெல்லக் கூட்டுங்க. 'பீக்' என்ற சிவப்பு விளக்கு மின்னியதும் கொஞ்சம் குறைத்து நிறுத்துங்க.

4. இப்போது ஃபேடரை ஏற்றுங்க.

ஈக்யூ: முதலில் குறைத்துப் பாருங்க

ஈக்யூ என்பது அடி ஒலி, நடு ஒலி, கீச்சு ஒலி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி.

* லோ-கட் பட்டன் இருந்தால் போட்டு விடுங்க. 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஃபேன் காற்று, மேடை அதிர்வு குறையும். பேச்சு கெடாது.

* குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கிறதா? 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறையுங்க.

* வார்த்தை புரியவில்லையா? 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை லேசாகக் கூட்டலாம். அதிகமானால் காதைக் குத்தும்.

ஒரு பகுதியை 6 டெசிபல் கூட்டினால், அந்தப் பகுதியின் வோல்டேஜ் இரண்டு மடங்காகும். அதனால் ஈக்யூவைத் தொட்ட பிறகு சிவப்பு விளக்கை மறுபடியும் ஒரு முறை பாருங்க.

அந்த அலறல்?

ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெரிதாகி, மறுபடியும் ஸ்பீக்கருக்கே போகிறது. இந்தச் சுற்று நிற்காமல் ஓடுவதுதான் அலறல். கெய்னைக் கூட்டினாலும் ஃபேடரைக் கூட்டினாலும் இந்தச் சுற்று வலுவாகும்.

அதனால் ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கணும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட எளிதான வழி, மைக்கின் பக்கத்தில் வந்து பேசுவது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், மைக்குக்குப் போகும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். எந்தக் குமிழையும் தொட வேண்டாம்.

அடுத்த முறை மேடையில் ஒரு பிள்ளை பயந்து பின்வாங்கினால், கெய்னைத் திருகாதீங்க. "நாலு விரல் தூரத்துல நின்னு பேசும்மா" என்று சொல்லுங்க. கடைசி வரிசைக்கும் கேட்கும்.