உட்காரவைத்துப் பேசுவது: பள்ளிச் சண்டைகளுக்குச் சமரசம் செய்யும் முறை

பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இன்னொருவனின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் சைக்கிள்காரன் இவன் சட்டையைப் பிடிக்கிறான். பொத்தான் தெறித்து, பை கிழிகிறது. உடற்கல்வி ஆசிரியர் இருவரையும் தலைமையாசிரியர் அறை முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரியும். "யாருடா முதல்ல கை வச்சது?" என்ற விசாரணை, ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா", கடைசியில் "ரெண்டு பேரும் கையைக் குடுத்துக்கோங்க". பத்து நிமிடத்தில் பள்ளியைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. தோற்றுவிட்டதாக நினைப்பவன் மாலையில் நாலு நண்பர்களோடு பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பான்.

சண்டை போட்டவர்களே பேசி முடிவெடுக்க, நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லாமல் துணை நிற்பதுதான் சமரசம். சான்பிரான்சிஸ்கோவில் 1976-ல் தொடங்கிய 'கம்யூனிட்டி போர்ட்ஸ்' அமைப்பு அக்கம்பக்கத்துத் தகராறுகளை இப்படிப் பேசித் தீர்த்தது. 1980-களில் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, மாணவர்களையே நடுவில் உட்காரவைத்தது. நமக்கும் இது அந்நியமில்லை. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலாக 2005-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது. பள்ளியில் இதை எப்படிச் செய்வது என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் வேலை, எதைச் சமரசத்துக்கு விடக்கூடாது என்று பிரிப்பது. இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், மாணவர் தலையில் கட்டக் கூடாது. பட்டப்பெயர், திருப்பித் தராத கைமாற்று, வாட்ஸ்அப் குழுவில் போட்ட கிண்டல், கபடியில் கிளம்பிய தகராறு, இரண்டு தோழிகள் சேர்ந்துகொண்டு மூன்றாமவளை ஒதுக்குவது: இவையெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. பாலியல் சீண்டல் இந்த அறைக்குள் வரவே கூடாது. போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, தெரிந்தவுடன் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பது 21-ம் பிரிவுப்படி குற்றம். "பேசி முடிச்சுக்கலாம் சார், பொண்ணு பேரு கெட்டுப்போகும்" என்று பெற்றோரே வந்து நின்றாலும் தலைமையாசிரியர் மசியக் கூடாது. ஆசிரியர் மாணவரை அடித்ததும் இங்கே வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. அதற்கு விசாரணைதான் வழி.

அடுத்தது சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியலின மாணவர் ஒருவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதுபோன்ற தொல்லைக்கு ஆளானவரையும் தொல்லை கொடுத்தவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, "ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுங்கப்பா" என்று சொல்வது அநியாயம். அங்கே விட்டுக்கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஏறத்தாழச் சமமான நிலையில் இருவர் இருந்தால்தான் சமரசம். ஒருவன் நாள்தோறும் மிரட்ட, இன்னொருவன் நாள்தோறும் பயப்படும் இடத்தில் பள்ளி பயப்படுபவன் பக்கம் நிற்க வேண்டும்.

பிரித்த பிறகு, நடுவில் உட்காருபவர்கள் யார் என்ற கேள்வி. பெரும்பாலான பள்ளிகள் வகுப்புத் தலைவர்களையும் நிறைய மதிப்பெண் வாங்குபவர்களையும் தேர்ந்தெடுக்கும். அது சரிப்படாது. அவர்களைப் பார்த்தாலே 'சார்கிட்ட போட்டுக் கொடுக்கிறவன்' என்று மற்றவர்கள் ஒதுங்குவார்கள். கடைசி பெஞ்சுக்காரர்களும் வேண்டும். சண்டை போட்டுப் பழகியவர்களும் வேண்டும். பெண், ஆண், எல்லாத் தெருக்காரர்களும் கலந்திருக்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: வகுப்பில் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்து, முறைவைத்து ஒவ்வொருவரையும் நடுவராக்கினார்கள். கைகூடினால் அதுவே நல்ல வழி. பயிற்சியில் பாதி நேரத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பழக்குவதற்கே ஒதுக்குங்கள். மீதி நேரத்தில் போலிச் சண்டைகளை நடித்துப் பார்க்கட்டும்.

சண்டை நடந்த சூட்டிலேயே பேச்சுக்கு அழைக்கக் கூடாது. ஒரு நாள் ஆறட்டும். அதற்குமேல் போனால் ஊர் கூடிவிடும். அழைத்தபின், சேர்த்து உட்காரவைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். "ஏன்டா அடிச்சே?" என்று தொடங்கினால் அது விசாரணை. "என்ன நடந்துச்சு?", "இதுக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்க?", "என்ன ஆனா உனக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டால் பையன் பேசுவான். வர விருப்பமா என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். மிரட்டிக் கூட்டி வந்த சமரசம் வாசல் தாண்டாது. சொல்வது வெளியே போகாது என்று உறுதி கொடுக்கும்போதே, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, மிரட்டல், சீண்டல், சாதி வசவு என்று தெரிந்தால் மட்டும் ஆசிரியரிடம் சொல்வோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிரட்டலோ சீண்டலோ சாதி வசவோ இந்தத் தனிப் பேச்சில் வெளிவந்தால், அங்கேயே நிறுத்தி, இதற்கான பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இடம், நூலகத்தின் ஒரு மூலை போதும். தலைமையாசிரியர் அறை வேண்டாம். அங்கே நின்றே பழகியவர்களுக்கு உட்கார வராது. பெஞ்சுகளை நேருக்கு நேர் போடாமல், கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். நடுவில் இரண்டு மாணவ நடுவர்கள். ஆசிரியர் கண்ணில் படும் தூரத்தில், காது கேட்காத தூரத்தில் இருக்கட்டும். விதிகள் சில: ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, கெட்ட வார்த்தை, வீடு, சாதி எதையும் இழுக்கக் கூடாது, முடியாது என்று தோன்றினால் எழுந்து போகலாம்.

இனி ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும் நடுவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்: "நீ சொன்னது எனக்கு இப்படிப் புரிஞ்சுது, சரியா?" பிறகு எதிரில் இருப்பவனையும் அதைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். முழு முறைக்கும் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் சைக்கிள் சண்டையையே எடுத்துக்கொள்வோம். காற்றைப் பிடுங்கியவன் சொல்கிறான்: "தமிழ் வகுப்புல வாசிக்கும்போது எனக்குத் திக்குச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அது பழகிருச்சு. நீயும் சிரிச்சியேடா." அதை மற்றவன் தன் வாயால் சொல்ல வேண்டும்: "அவனுக்குத் திக்குனப்போ நான் சிரிச்சது அவனுக்கு வலிச்சிருக்கு." அவன் இதைச் சொல்லச் சில நொடிகள் ஆகும். நடுவர் அவசரப்படக் கூடாது. அந்த மௌனத்தைப் பேச்சால் நிரப்பவும் கூடாது. அப்புறம்தான் சைக்கிள்காரன் பக்கம்: காற்று போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனது, வேலைக்குக் கிளம்பக் காத்திருந்த அம்மாவிடம் திட்டு வாங்கியது. அதை முதலாமவன் திருப்பிச் சொல்ல வேண்டும். "யார் முதல்ல கை வச்சது?" என்ற கேள்விக்கு எந்தக் காலத்திலும் வெளிவராத விஷயங்கள் இவை.

தீர்வையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். "இனி என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு நடுவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு யோசனையாவது வரும்வரை எதையும் நல்லது கெட்டது என்று எடை போட வேண்டாம். மன்னிப்புக் கேள் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வந்தால் தானாக வரும். வராவிட்டாலும் உடன்பாடு நிற்கும்.

அந்த உடன்பாட்டை எழுத வேண்டும், அவர்கள் பேசிய தமிழிலேயே. "இனிமேல் நல்லபடியாக நடந்துகொள்வோம்" என்பது உடன்பாடு ஆகாது. யார், எதை, எப்போது என்று இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சட்டைப் பையைத் தைத்துத் தருவது, வகுப்பில் வாசிக்கும்போது யார் சிரித்தாலும் தான் சேர்ந்து சிரிக்காதிருப்பது, சைக்கிளைத் தொடாதிருப்பது, சண்டை முடிந்தது என்று இருவரும் ஒன்றாகப் போய் நண்பர்களிடம் சொல்வது. கடைசியாகச் சொன்னதை எந்தப் பள்ளியும் விட்டுவிடக் கூடாது. சண்டைக்கு எண்ணெய் ஊற்றுபவர்கள் பெரும்பாலும் அதில் இல்லாதவர்களே. இருவரும் கையெழுத்துப் போட்டதும் தாளைப் பொறுப்பாசிரியர் வைத்துக்கொள்ளட்டும். அதைப் பள்ளிப் பதிவேட்டில் சேர்ப்பதோ, ஆசிரியர் அறையில் படித்துக் காட்டுவதோ துரோகமாகும். பிறகு ஒரு மாணவரும் இந்தப் பக்கம் வரமாட்டார். உடன்பாடு வராவிட்டால் தண்டனை கிடையாது. விஷயம் ஆசிரியரிடம் திரும்பும், அவ்வளவே.

ஒரு வாரம் கழித்து நடுவர்கள் இருவரையும் பார்த்து, "சொன்னபடி நடக்குதா?" என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. நடக்கவில்லை என்றால் திரும்ப உட்காரலாம்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்குத் தனி நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென எழுதி வையுங்கள். அந்தப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுத்துவிடாதீர்கள்.